மிச்சமிருந்த ஆறு மஞ்சள் லாக்

இன்னும் நாற்பது பக்கம் இருக்கும்போதே எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் கோபம் வந்துவிட்டது. சிறுவர் நாவல்தான். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்தது. அட்டையில் இரண்டு பெண் பிள்ளைகளும் வாத்துக் கூட்டமும். படித்துவிட்டு, இந்த நாவலில் உண்மையான நட்பு எது என்று ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. வீட்டில் பெரியவர் ஒருவரிடம் அவருடைய உண்மையான நண்பர் யார் என்று கேட்டு அதையும் எழுத வேண்டுமாம். இந்தப் பள்ளிக்கூடக்காரர்களுக்கு நம் வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்காவிட்டால் சாப்பிட்டது செரிக்காது.

என் கணவர் இருங்காட்டுக்கோட்டையில் வேலை பார்க்கிறார். "எனக்கு இதெல்லாம் வராது, உங்கம்மாதான் நல்லாப் படிப்பா" என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். ஆகவே புத்தகம் என் பைக்குள் வந்தது. சாப்பாட்டு டப்பாவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவே ஒரு வாரம் கிடந்தது.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் லீடர். காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டி அனுப்பும் வேலை எங்களுடையது. காலை ஆறு மணி ஷிப்டுக்குக் குன்றத்தூரில் நாலே முக்காலுக்குப் பஸ் ஏற வேண்டும். மத்தியானம் இரண்டரைக்கு வெளியே வரும்போது முழங்காலுக்குக் கீழே என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் ஏறிய உடனே வாயைப் பிளந்து தூங்குவார்கள். நானும் அப்படித்தான். அந்த வாரம் மட்டும் தூங்காமல் வாத்துக் கதை படித்தேன்.

கதை இதுதான். வாத்து மேய்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற கூட்டத்தில் இரண்டு பிள்ளைகள், இணைபிரியாத தோழிகள். ஒரு நாள் மூத்தவள் காவலுக்கு இருக்க வேண்டிய நேரத்தில் அசந்து தூங்கிவிடுகிறாள். வாத்துகள் பூச்சிமருந்து அடித்த வயலில் இறங்கிவிடுகின்றன. பாதிக்கு மேல் செத்துப்போகின்றன. மூத்தவளின் அப்பா முரடர். பிள்ளை அடிபட்டே செத்துவிடுவாள் என்று பயந்து, இளையவள் "நான்தான் தூங்கிட்டேன்" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். கூட்டத்தை விட்டே அவளை விரட்டிவிடுகிறார்கள். கடைசியில் பல வருஷம் கழித்து இரண்டு பேரும் ஒரு சந்தையில் சந்தித்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். மூத்தவள் ஒரு வாத்துக்குஞ்சைப் பரிசாகக் கொடுக்கிறாள். முற்றும்.

ஒரு வாத்துக்குஞ்சு! அதோடு கணக்கு நேராகிவிட்டதாம். எழுதினவர் இளையவளின் பின்னாலேயே போகிறார். அவள் பசி, அவள் அழுகை, அவள் நல்ல மனசு. பழியிலிருந்து தப்பித்தாளே மூத்தவள், அவள் அன்றைக்குச் சாப்பிட்டாளா, தூங்கினாளா, மறுநாள் எந்த முகத்தோடு வாத்தை ஓட்டினாள், அதற்கு இருநூறு பக்கத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. எனக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான். பதினோரு வருஷமாக நான் அந்தப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மகள் நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"சின்னவதான் உண்மையான ஃப்ரெண்டு. அத எழுதிட்டேன். பெரியவ பத்தி இன்னா எழுதறது?" என்று கேட்டாள். குன்றத்தூரில் பிறந்த பிள்ளை. தென்காசிப் பக்கத்துக்காரியான என் வயிற்றில் பிறந்து 'இன்னா' என்றுதான் பேசுகிறது.

"அவளப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றேன்.

"சரி, உன் ஃப்ரெண்டு யாரும்மா?"

யாருமில்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவின் பேரைச் சொல்லியிருந்தாலும் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒரு வாரமாக அந்த வாத்துக்காரிகள் என் தலைக்குள் நடந்துகொண்டே இருந்தார்கள். அலுப்பில் வாய் நழுவிவிட்டது. "ஒருத்தி இருந்தா. நான் செஞ்ச தப்புக்கு அவ பழிய ஏத்துக்கிட்டு வேலைய விட்டுப் போயிட்டா. நீ வயித்துல இருந்த, அதனால" என்றேன்.

மகளின் கண் விரிந்தது. "அய்யோ, அப்படியே இந்தக் கதம்மா" என்று அங்கேயே குப்புறப் படுத்து எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். 'என் அம்மாவின் தோழி அம்மாவுக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார். அவரே உண்மையான தோழி.' பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள். "அந்த ஆண்ட்டிக்கு தேங்க்ஸ் சொன்னியாம்மா?"

இல்லை என்றேன்.

"ஏன், அவங்க எங்க இருக்காங்கன்னு தெரியாதா?"

தெரியும். பஸ் போகிற வழிதான்.

அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எனக்கு அப்போது ஹாஸ்டல், ஒரு அறைக்கு எட்டுப் பேர். அவள் வல்லம் வடகாலுக்குப் பக்கத்துக் கிராமம். அவர்கள் நிலம் இந்தத் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. "எங்க கெயனி மேல நின்னுக்கினுதான்டி நீங்கல்லாம் டீ குடிக்கிறீங்க" என்பாள். நான் "போயிட்டு வாரேன்" என்று சொன்னால் போதும், மத்தியானம் வரை "வாரேன், வாரேன்" என்று இழுத்துக் காட்டிச் சிரிப்பாள். எனக்கு ஊர் நினைப்பு வந்து முகம் சுருங்கினால் அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பாள். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

லைனில் அவள் ஸ்டேஷனும் என் ஸ்டேஷனும் அடுத்தடுத்து. அவள் ஒயர்களை பிளக்கில் சொருகுவாள். நான் அதற்கு மேல் டேப் சுற்றுவேன். ஷிப்ட் ஆரம்பத்தில் அவரவர் அடையாளக் கார்டை அவரவர் ஸ்டேஷனில் ஸ்கேன் செய்து மாட்டிவிட வேண்டும். அதன் பிறகு அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு ஒயர்க் கட்டின் நம்பரும் அந்தக் கார்டின் பேரில் பதிவாகிவிடும். யாராவது பாத்ரூம் போக வேண்டுமானால் லைன் லீடரிடம் சொல்லி, மாற்று ஆள் வந்து, அவள் தன் கார்டை மாட்டிய பிறகுதான் நகர வேண்டும். சட்டம் அப்படி. மாற்று ஆள் வருவதற்குள் உயிர் போய்விடும். அதனால் பக்கத்தில் நிற்பவளிடம் "கை குடு" என்று சொல்லிவிட்டு ஓடுவோம். ஓடுகிறவளின் கார்டு அங்கேயே தொங்கும். நிற்பவள் இரண்டு இடத்தையும் பார்த்துக்கொள்வாள். எல்லோரும் செய்வதுதான். இன்றைக்கு என் லைனில் என் கண் எதிரே செய்கிறார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

அதற்குள் எனக்குக் கல்யாணமாகி ஹாஸ்டலை விட்டிருந்தேன். நான் இரண்டு மாதக் கர்ப்பம் என்று கம்பெனியில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வேலை நிரந்தரமாகிற கடிதம் வருகிற சமயம். தெரிந்தால் கடிதம் நின்றுவிடுமோ என்று பயந்து மூடி வைத்திருந்தேன். காலையில் மூன்று முறை வாந்தி எடுக்க ஓடுவேன். மூன்று முறையும் அவள்தான் கை கொடுப்பாள். என் கார்டின் பேரில் அவள் சுற்றிய டேப்பில் ஒரு நாளும் ஒரு குறை வந்ததில்லை.

ஒரு நாள் அவளுக்கு வயிற்றுவலி. வீட்டுக்கு விலக்கான நாள். "கை குடுடி" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அன்று காலைதான் மாடல் மாறியிருந்தது. அந்தப் புது மாடல் பிளக்கில் ஒயரைச் சொருகிய பிறகு மேலே சின்னதாக ஒரு மஞ்சள் லாக்கை வைத்து அமுக்க வேண்டும். நகம் அளவுதான் இருக்கும். சொருகுகிற பெண்களை மட்டும் காலையில் தனியாக நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டேப் சுற்றுகிறவளுக்கு அது எதற்கு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் பழைய மாடலில் அந்த வேலையைப் பழகியவள். பழைய மாடலில் லாக்கே கிடையாது. தட்டில் மஞ்சளாக ஏதோ இருந்ததைப் பார்த்தேன். என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் திரும்பி வருவதற்குள் ஆறு கட்டு போட்டுத் தள்ளிவிட்டேன். அவசரத்தில் போட்டாலும் நன்றாகத்தான் போட்டிருக்கிறோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

லாக் இல்லாவிட்டாலும் கரண்ட் போகும். அதனால் கடைசி டெஸ்டில் பிடிபடவில்லை. வண்டி ஓடிக் குலுங்கும்போதுதான் கழலும். மூன்று வாரம் கழித்து, கார் செய்கிற கம்பெனியிலிருந்து ஆறு கட்டு திரும்பி வந்தது. வரிசையாக ஆறு நம்பர். அவள் கார்டு.

காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் ஒரு கட்டைத் தூக்கிப் பிடித்து, "இதுல மஞ்ச லாக் எங்க?" என்று கேட்டார். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஒன்றை மறக்கலாம், ஆறை மறக்க மாட்டாள். மஞ்சள் லாக் என்று ஒன்று இருப்பதே தெரியாத ஒருத்திதான் வரிசையாக ஆறைப் போட்டிருக்க முடியும். அது நான்தான். அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்கள். நான் டேப் சுற்றிக்கொண்டே பார்த்தேன். அவர் ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். மறுத்து ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. "ஒடம்ப பாத்துக்கோடி" என்று மட்டும் சொன்னாள். கேட்டில் கார்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தெரியும், என் வயிற்றுப் பிள்ளைக்காக அவளாகவே ஏற்றுக்கொண்டாள் என்று முடிவு கட்டினேன். அப்படி முடிவு கட்டினால்தான் நான் வாயைத் திறக்காமல் நிற்க முடியும். அவளே விரும்பிக் கொடுத்ததை நான் போய்க் கெடுப்பானேன் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தாம் நாள் எனக்குக் கடிதம் வந்தது. அவள் இரண்டு முறை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. அதன் பிறகு அவள் செய்யவில்லை. பிறகு நான் நம்பரை மாற்றிவிட்டேன்.

நான்கு வருஷம் கழித்து ஒரு நாள் பஸ் ஜன்னலில் அவளைப் பார்த்தேன். வல்லம் வடகாலில் வேறொரு கம்பெனியின் கேட். நீலப் பேண்ட், நீலச் சட்டை, தொப்பி. வெளியே வரும் பெண்களின் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒயரைத் தொட்டால் எந்த நம்பர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய கை அது. மறுநாளிலிருந்து நான் அந்தக் கேட் தெரியாத பக்கத்து சீட்டில் உட்காரத் தொடங்கினேன். வீடு திரும்பும்போது அது இடது பக்கம். ஏழு வருஷம் இடது பக்கம். அந்தப் பக்கம்தான் வெயில் குறைவு என்று பக்கத்தில் உட்காருகிறவளிடம் காரணம் சொல்வேன்.

மகள் கேட்ட கேள்வி அந்த வாரம் முழுக்க என்னைத் தின்றது. தேங்க்ஸ் சொன்னியாம்மா. நோட்டைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும் என்று வேறு நச்சரித்தாள். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வரும்போது டிரைவரிடம் சொல்லி அந்தக் கேட்டில் இறங்கிவிட்டேன். தைரியம் எல்லாம் இல்லை. மூடி மூடி வைத்துக் களைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

அங்கே ஷிப்ட் விட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கால் ஷூவைக் கழற்றி விரல்களை நீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அடையாளம் தெரியாமல் விழித்தாள்.

"ஏ பிள்ள, நான்தான்" என்றேன்.

"அடிப்பாவி" என்று எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாடி இப்டி எளைச்சிட்ட? கொயந்த இன்னா பொண்ணா பையனா?"

முதல் கேள்வியே அதுதான். பெண் என்றேன். அஞ்சாவது படிக்கிறாள் என்றேன். "அப்ப தேவலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன் பண்ணேன், நீ எடுக்கல. உனுக்கு இன்னாவோ ஆயிடுச்சின்னு பயந்துக்கினு இருந்தேன்."

நான் நேராக ஆரம்பித்தேன். சுற்றி வளைத்தால் மறுபடியும் வாய் மூடிக்கொள்ளும் என்று தெரியும். "ஒனக்கு நான் நன்றி சொல்ல வந்தேன். அன்னைக்கு அந்த ஆறும் நான் போட்டதுன்னு தெரிஞ்சும் எனக்காக நீ பழிய ஏத்துக்கிட்ட" என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றிருந்தது. "எந்த ஆறு?" என்று கேட்டாள்.

"மஞ்ச லாக் இல்லாத ஆறு. நீ பாத்ரூம் போயிருந்தப்ப நான் போட்டது. எனக்கு லாக் வைக்கணும்னே தெரியாது."

அவள் என் கையை விட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்டுக்குள் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டு பீப் பீப் என்று கத்தியது. அது நிற்கும் வரைக்கும் அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி ஷிப்ட் முடியும்போது என் தட்டுல ஆறு லாக் மிச்சம் இருந்துச்சி" என்றாள். "எச்சா குட்த்துட்டாங்கன்னு நென்ச்சி ஸ்டோருல திருப்பி போட்டுட்டேன். அப்புறம் அவுரு ஆறுன்னு சொன்னாரா, எனுக்கு பக்குனு ஆயிடுச்சி. நடுவுல உன்ன நிக்க வச்சிட்டு ஓனது நென்ப்புக்கே வரல. அப்ப நாந்தான் உட்டுட்டேன். மிச்சம் இருந்தத பாத்தும் சொல்லாம உட்டுட்டேன். அதான் வாயத் தொறக்கல. கையெழுத்து போட்டு குட்த்துட்டு வந்துட்டேன்."

அவளுக்குத் தெரியாது. பழியை ஏற்றுக்கொள்ளவே இல்லை. தன் தப்பு என்று நம்பியிருக்கிறாள். பதினோரு வருஷமாக நான் கும்பிட்டுக்கொண்டிருந்த அந்தத் தியாகத் தோழி என் தலைக்குள் மட்டும்தான் இருந்தாள்.

"அப்ப ஒடம்ப பாத்துக்கோன்னு சொன்னது?" என்று கேட்டேன். அசட்டுக் கேள்விதான்.

"நீ வாந்தி எடுத்துக்கினு கெடந்தியேடி. நான் போயிட்டா உனுக்கு யாரு கை குடுப்பா?" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு பேசினாள். "இன்னொரு ஒயர் கம்பெனில கூப்ட்டாங்க. நான் போவல. என் கை மேல எனுக்கே நம்பிக்க இல்ல. வூட்ல கேஸ மூடிட்டு நாலு தபா திரும்பிப் போயி பாப்பேன். பூட்ட இஸ்துப் பாப்பேன், அப்பால தெரு முனை வரிக்கும் வந்துட்டு மறுக்கா போவேன். எங்க நாத்தனாரு பசங்க சிரிக்கும். இந்த வேலைன்னா ஒண்ணியும் செய்ய வாணாம், பாத்தா போதும். அதான் இத்த புட்ச்சிக்கினு கீறேன்."

பிறகு, "அன்னிக்கி நான் உனுக்கு லாக் பத்தி சொல்லாம ஓடிட்டேன், இல்ல?" என்றாள். அதில்கூடத் தன் பங்கு என்ன என்று தேடுகிறாள்.

"ஒன் மேல ஒரு தப்பும் கெடையாது. நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும். அதுக்கப்புறம் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்" என்றேன்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. சத்தம் போடவில்லை. "வேலை போனா போவுது. கடிதாசி வந்தப்புறமாவது, அது நீ இல்லடின்னு ஒரு போன் பண்ணி இருக்கலாம் இல்ல? நான் ஊரக் கூட்டி இருக்க மாட்டேன். உன்ன காட்டிக் குட்த்து இருக்க மாட்டேன். எனுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமே" என்றாள்.

உள்ளே சைரன் அடித்தது. அவள் ஷூவை மாட்டிக்கொண்டு தொப்பியை வைத்தாள். பெண்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். நான் என் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். நான் கிளம்பியபோது, "உன் பொண்ணுகிட்ட இன்னா சொல்லி வச்சிருக்க?" என்று பின்னாலிருந்து கேட்டாள். சொன்னேன். "அத்த மாத்தி எயித சொல்லு" என்றாள். "தெரிஞ்சிருந்தா நான் ஏத்துக்கினு இருப்பனான்னு எனுக்கே தெரியாது. எனுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் மாறி மாறி வீடு வந்து சேரும்போது ஐந்தரை. மகள் கதவைத் திறந்ததும், "தேங்க்ஸ் சொன்னியா?" என்று கேட்டாள். நான் முகம்கூடக் கழுவவில்லை. அவளை உட்கார வைத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் பிள்ளை என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று தெரிந்தேதான் சொன்னேன். மாறத்தான் செய்தது. பாதியில் என் மடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

பிறகு நோட்டை எடுத்துப் பழைய பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். அன்றைக்கு எனக்குக் காட்டவில்லை. புதன்கிழமை டீச்சர் திருத்திக் கொடுத்த பிறகுதான் அவள் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 'அம்மாவின் தோழிக்கு உண்மை தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அம்மா சொல்லவில்லை. நாவலில் பெரியவளும் சொல்லவில்லை. அவள் முதல் நாளே சொல்லியிருந்தால் நாவல் பத்து பக்கத்தில் முடிந்திருக்கும். அதுதான் உண்மையான நட்பு.' கீழே டீச்சர் சிவப்பு மையில், கதையை ஒட்டி எழுதவும் என்று போட்டிருந்தார்.

நோட்டைப் பையில் திரும்ப வைக்கும்போது போன் வந்தது. புது நம்பர். எடுத்தேன்.

"இன்னாடி, வாரேன்" என்றது அவள் குரல். நான் மகளின் பையைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"நேத்து ஒரு வேல செஞ்சேன்" என்றாள். "கேஸ ஒரே ஒரு தபா மூடிட்டு ஷிப்ட்டுக்கு வந்துட்டேன். திரும்பிப் போயி பாக்கல. தெரு முனைல நின்னு பாத்தேன், கால் போவல. வந்துட்டேன்."

"நல்லது பிள்ள" என்றேன்.

"ஒயர் வேல எனுக்கு இன்னும் மறக்கலடி. கண்ண மூடிக்கினா பிளக்கு ஃபுல்லா தெரிது. உங்க லைன்ல இப்ப ஆள் எடுக்கறாங்களா?"

கேட்டுப் பார்க்கிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் அவளுக்கு ஒரு வாரம் சந்தோஷமாக இருக்கும். எனக்கும் ஒரு வாரம் தொல்லை இல்லை. எங்கள் கேட்டில் ஒட்டியிருக்கிற அறிவிப்பை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.

"ஆள் எடுக்கத்தான் செய்யுதாவ பிள்ள" என்றேன். "ஆனா இருபத்தெட்டு வயசுக்கு மேல எடுக்க மாட்டாவ. நான் கேட்டாலும் எடுக்க மாட்டாவ."

அந்தப் பக்கம் லாரி சத்தம் மட்டும் கேட்டது.

"சரி" என்றாள். மெதுவாக, என்னைத் திட்டுவது போலக்கூட இல்லாமல் சொன்னாள்.

"அன்னிக்கி எனுக்கு இருவத்தி மூணுடி."